ஜொசினி, புரட்டாசி ஞாயிறு

விவாகரத்தில் எனக்குக் கிடைத்தது
பதினாறடிப் படகும், அதன் பாதிக் கடனும்.
படகோடு தேவகியும் வந்தாள், கோகிலனின் தங்கை.
அவளை எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை.

டோங்காட்டில் இரவு ஒரு மணிக்குக் கிளம்பி
கரும்பு லாரிகளின் பின்னால் ஊர்ந்து
விடியும்போது ஜொசினி அணை.
செப்டம்பர். வசந்தம் என்று காலண்டர் சொல்கிறது,
மழை இன்னும் வரவில்லை.
இறங்கிப்போன தண்ணீர்
கரை முழுக்க வரிவரியாய்ச் சேறு விட்டிருந்தது,
கழுவாத காப்பிக் கோப்பைபோல.
மூழ்கிய முள்மரங்களின் உச்சி மட்டும் வெளியே.
ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம்.

“புரட்டாசியில் மீன் பிடிக்கலாமா?”
“தின்னக் கூடாது என்றுதான் அம்மா சொன்னாள்.
தூக்கிப் பார்த்து இறக்கிவிடுவதைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.”
சனியை விட்டு ஞாயிறு வந்ததிலேயே
அவளுக்குப் பாதிப் புண்ணியம் சேர்ந்திருந்தது.

இருக்கைப் பலகையின் அடியில்
அழியாத மையில் அவன் கையெழுத்து:
வடகிழக்கு அடித்தால் மேற்குக் கரை.
காற்று நின்றால் ஆழம்.
தெற்கு எழுந்தால் வீடு. வாதாடாதே.

வடகிழக்கு அடித்தது. மேற்குக் கரைக்குப் போனோம்.
இரண்டு மணி நேரத்தில்
ஒரு கெளுத்தி, ஒரு மரக்கிளை,
ஒரு செம்புக் கரண்டி நஷ்டம்.
பிறகு காற்று நின்றது.
ஏரி இஸ்திரி போட்டதுபோல் படுத்துக்கொண்டது.
நீர்யானை ஒன்றின் காதுகள் எழுந்து
எங்களைக் கணக்கெடுத்து அமிழ்ந்தன.
ஆழத்துக்குப் போனோம்.
திரையில் வளைவு வளைவாய் மீன்கள்,
வங்கியில் வரிசையில் நிற்பவர்கள்போல.
எதுவும் வாய் திறக்கவில்லை.
நாங்கள் திறந்தோம்: ரொட்டி, பீன்ஸ் கறி, எலுமிச்சை ஊறுகாய்.

தேவகிதான் முதலில் பார்த்தாள்.
தெற்கே, தண்ணீரின் மேல் ஒரு கருங்கோடு.

தென்றல் என்று சொல்லிக் கொடுத்தார்கள்
ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில்:
தெற்கிலிருந்து வரும், மெல்ல வரும், மணத்தோடு வரும்.
அந்த வாத்தியார் எந்தத் தெற்கைப் பார்த்தாரோ.
இந்தத் தெற்குக்குப் பின்னால் இருப்பது பனிக்கட்டி.
அது மெல்ல வராது. கதவைத் தட்டாது.

“போகலாம்” என்றாள்.
“ஒரே ஒரு வீச்சு” என்றேன்.
பலகையைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

கண்ணாடி உடைந்தது. நீர் சிலிர்த்தது.
அந்தச் சிலிர்ப்பின் முதல் ஓரத்தில் எறிந்தேன்.
இரண்டு சுற்று சுற்றியிருப்பேன்,
மணிக்கட்டில் யாரோ சுத்தியலால் அடித்தார்கள்.
ரீல் கத்தியது.
புலிமீன் தண்ணீரை விட்டு முழுசாய் எழுந்தது,
வெள்ளியில் கறுப்புக் கோடுகள், குங்குமத் துடுப்பு,
மூடினாலும் மறையாத பல்.
தலையை ஆட்டியது,
‘மாட்டேன்’ என்பதை மட்டும் பேசத் தெரிந்த பிள்ளைபோல.
படகு பக்கவாட்டில் திரும்ப
தேவகி ஒரு கையில் எஞ்சின், மறு கையில் வலை,
வாயில் முருகனும் கெட்ட வார்த்தையும் மாறி மாறி.

அளந்தோம். அறுபத்தெட்டு.
வாலைப் பிடித்து நீருக்குள் நிறுத்தினேன்.
செவுள் இரண்டு முறை திறந்து மூடியது.
பிறகு என் உள்ளங்கை மட்டும் இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் அலை முகத்தில் அறைந்தது.
ஐஸ் பெட்டி போனது, என் செருப்பில் ஒன்று போனது.
மரங்களுக்கிடையே எப்படி வந்தோம்
என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.
அவன் எழுதியது சரி என்று
நானும் சொல்லவில்லை, அவன் தங்கையும் சொல்லவில்லை.

கரையில் நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது
அவள் கைபேசிக்கு உயிர் வந்தது.
காலையிலேயே அனுப்பியிருக்கிறான்:
டர்பனில் காற்று மாறிவிட்டது, மரம் விழுந்திருக்கிறது.
ஏரியில் இருந்தால் வெளியே வாருங்கள், இரண்டு பேரும்.

“என்ன பதில் போட?”
பல் நடுங்கியது எனக்கு. குளிர்தான்.
“மீனின் நீளத்தை மட்டும் எழுது.”

எழுபத்திரண்டு என்று எழுதச் சொன்னேன்.